இரண்டு காலண்டர்களுக்கு நடுவில்

ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆவணி பிறந்ததும் மண்டித் தெரு பதினேழாம் எண் வீட்டை இடிக்க ஏற்பாடு. அதற்குள் வீட்டை அளந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடவேண்டும். தேவேந்திரன் சார் என்னை அனுப்பினார்.

அவர் சிவில் இன்ஜினியர். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இந்தப் பெண்ணின் படிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று வல்லத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அளப்பதுதான் சம்பந்தம். சுவர்களோடு எனக்குச் சிரமம் இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள் ஏதாவது கேட்டால்தான் வார்த்தை வராது.

மண்டித் தெரு கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றுவட்டார மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எல்லாம் இந்தத் தெருவுக்குத்தான் வந்தது. வீடுகளையும் அதற்கென்றே கட்டியிருந்தார்கள். தலையில் மூட்டையோடு குனியாமல் நுழைகிற உயரத்துக்கு வாசல் கதவு. முதல் அறை முழுக்க மூட்டைக்கு. அதைத் தாண்டிக் கூடத்துக்குப் போகிற கதவு மட்டும் தாழ்வு. எங்கள் தாத்தா வல்லத்திலிருந்து வண்டியோடு வந்து இந்தத் தெருவில் மூட்டை இறக்கியவர். எந்த வீட்டில் என்று தெரியாது. எந்த வீடாக இருந்தாலும் உயரமான கதவு வரைதான் போயிருப்பார். தாழ்வான கதவுக்கு அப்புறம் இருந்ததை அளக்க நான் போனேன்.

வீட்டில் வேதநாயகி அம்மா தனியாக இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் ராமச்சந்திரன் இறந்து நாலு வருஷம். மகன் விக்ரமன் விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். இடிப்பது அவருடைய முடிவு. கீழே இரண்டு கடை, மேலே கோட்டை பார்க்க வருகிறவர்கள் தங்க ரூம்கள், அதற்கும் மேலே அம்மாவுக்கு ஒரு வீடு. அம்மா படியேற வேண்டாம், லிப்ட் இருக்கும். கெட்ட மகன் இல்லை. ஆபீஸுக்கு வந்தபோது கடைகளைவிட லிப்ட் பற்றித்தான் அதிகம் பேசினார்.

எழில் என்று பேர் சொன்னேன். வேதநாயகி அம்மா அடுத்து ஊர் கேட்டார். வல்லம் என்றேன். வல்லத்தில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு காபியா டீயா என்று கேட்டார். காபி என்றேன். அவர் குடிக்கிற மாதிரியே ஒரு எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அதோடு ஊர் பேச்சு முடிந்தது.

அளக்க அளக்க வீடு எனக்குப் பிடிபடவில்லை. வாசல் கதவு நல்ல அகலம், செதுக்கிய நிலை. உள்ளே கூடம் அந்தக் கதவுக்குப் பொருத்தமில்லாமல் ஒடுங்கியிருந்தது. முற்றத்தின் ஒரு பக்கம் இரண்டு மரத்தூண்கள். எதிர்ப்பக்கம் தூண் இல்லை, வெறும் சுவர். மழைத்தண்ணீர் விழுகிற பள்ளத்தின் கல்வரிசை நேராகப் போய் அந்தச் சுவருக்குள் நுழைந்துவிட்டது. நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாதிதான் இங்க இருக்குது. மீதி அந்தப் பக்கம்" என்றார் வேதநாயகி அம்மா.

முதலில் அது ஒரே வீடாம். நாலு தூண், முழு முற்றம். கட்டியவர் ராமச்சந்திரனின் கொள்ளுத்தாத்தா. அவருடைய பேரன்கள் இருவர் சொத்து பிரித்தபோது வீட்டை வாசலிலிருந்து தோட்டம் வரை நெடுக்காக வெட்டி நடுவில் சுவர் எழுப்பினார்கள். வாசல் கதவு தம்பி பங்குக்குப் போனது. அண்ணன் தன் பக்கத்து ஜன்னலை இடித்துக் கதவு வைத்துக்கொண்டார். அது பதினேழு ஏ. ஆளுக்கு இரண்டு தூண், ஆளுக்குப் பாதி வானம். தம்பி மகன் ராமச்சந்திரன். அண்ணன் மகன் இளையபெருமாள், இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறார். மனைவி அமிர்தவல்லி.

சுவர் எழுப்பியபோது கூடத்தில் ஓரிடம் மட்டும் விட்டார்கள். பழைய வீட்டில் விளக்கு வைத்த இடம் அது. சுவருக்கு நடுவே இரண்டு பக்கமும் திறந்த ஒரு மாடம். சொத்து பிரியலாம், விளக்கு பிரியக் கூடாது என்பது இந்தத் தெரு வழக்கம். ஒரு நாள் இந்த வீட்டுப் பெண் எண்ணெய் ஊற்றினால் மறுநாள் அந்த வீட்டுப் பெண். ஒரே விளக்கு இரண்டு கூடத்துக்கும் எரியும். அஞ்சாம் எண் வீட்டிலும் அப்படி ஒரு மாடம் இருந்ததாம். அங்கே வாடகைக்கு வந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் அதில் மருந்து பாட்டில்களை அடுக்கி, பக்கத்து வீட்டு இட்லியெல்லாம் போட்டோ வாசனை அடித்ததாம். இப்போது அதை அடைத்து ஸ்விட்ச் போர்டு வைத்துவிட்டார்கள்.

கதவு, ஜன்னல், மூலை என்று நான் குறித்துக்கொண்டதை எல்லாம் அவர் ஆட்களின் பேரால் சொன்னார். இது கொழுந்தனார் ஜன்னல், பத்தாவது பெயிலானபோது இதில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது மாமனார் மூலை, ரேடியோ கேட்க இங்கேதான் சாய்வார். அந்த மூலையில் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. ஆள் போய் முப்பத்தைந்து வருஷம் ஆகியும் தலை போகவில்லை என்றார். வெள்ளையடித்தாலும் கொஞ்ச நாளில் மேலே வந்துவிடுமாம். வரைபடத்துக்குத் தேவையில்லை. இருந்தாலும் அந்தக் கறையின் உயரத்தையும் அளந்துகொண்டேன்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்ற கதையையும் சொன்னார். பாதி முற்றங்கள் இரண்டுக்கும் தண்ணீர் வெளியேற ஒரே தூம்பு. அது பதினேழு ஏ வழியாகப் போகிறது. விக்ரமன் ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில், தூம்பில் ஒரு கோணி அடைத்துக்கொண்டது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறி, ராமச்சந்திரன் அடுக்கிவைத்த மல்லாட்டை முழுக்க நனைந்து, மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. கோணியைத் திணித்தது பங்காளிதான் என்றார் ராமச்சந்திரன். உன் மண்டிக் கோணிக்கு நான் எப்படிப் பொறுப்பு என்றார் இளையபெருமாள். அதற்கப்புறம் பத்திரிகை இல்லை, பண்டிகை இல்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்துகொள்வார். மற்றவர் கடந்து போவார். யார் குனிவது என்பதில் மட்டும் முறை வைத்துக்கொண்டார்கள் போல இருந்தது.

மாடத்தை அடைக்கவேண்டும். ஆனால் விளக்கு மாடத்தை முதலில் அடைக்கிற வீட்டில்தான் விளக்கு அணையும் என்று தெருவில் ஒரு பேச்சு. அவன் அடைக்கட்டும் என்று இவரும், இவன் அடைக்கட்டும் என்று அவரும் காத்திருந்தார்கள். அதுவரை மறைப்புக்கு ஒரு காலண்டர் மாட்டினார் ராமச்சந்திரன். பிறகு அந்தப் பக்கம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்று வேதநாயகி அம்மா சொன்னார். பாவம் அவன் தலையோடு போயிற்று என்று ராமச்சந்திரன் காலண்டரை அப்படியே விட்டுவிட்டாராம்.

அந்தச் சுவர்தான் ஆபீஸிலும் பிரச்சினை. பழைய பத்திரத்தில் நடுச்சுவர் யாருடையது என்று இல்லை. விக்ரமனுக்கு அந்தச் சுவரையும் எடுத்தால்தான் கீழே இரண்டு ஷட்டருக்கு அகலம் வரும். உத்திரங்கள் எல்லாம் தெருவிலிருந்து தோட்டம் நோக்கி ஓடின. அதனால் அந்தச் சுவரின் மேல் எந்த வீட்டுப் பாரமும் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் சுவரை எதற்காவது பயன்படுத்துகிறார்களா என்பது மட்டும் பாக்கி என்றார் தேவேந்திரன் சார். பயன்படுத்தினால் பொதுச்சுவர். இளையபெருமாள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல் எடுக்க முடியாது.

"ஒரு மாடம் இருந்துச்சு சார். அதை அவங்களே அடைச்சுட்டாங்க. எங்கம்மாவே பாத்திருக்காங்க" என்றார் விக்ரமன்.

இரண்டாம் முறை போனபோது சுவரின் கனம் மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் போகாமல் எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். வேதநாயகி அம்மா அடுக்களையில் இருந்தார். கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. முற்றத்துக் கொடியில் காய்ந்த புடவை அசையவில்லை. காலண்டர் மட்டும் அசைந்தது.

தினம் ஒரு தாள் கிழிக்கிற பெரிய காலண்டர். மேலே முருகன் படம், கீழே ஒரு உரக்கடையின் பேர். அதன் அடி விளிம்பு சுவரை விட்டு எழும்பியது, பிறகு படிந்தது. காற்று பின்னாலிருந்துதான் வரவேண்டும். அடைத்த சுவரிலிருந்து காற்று வராது.

காலண்டரைத் தூக்கினேன். மாடம் திறந்திருந்தது. அதன் மறு முனையில் இன்னொரு காலண்டரின் பின்பக்கம், பழுப்பு அட்டை. தூரம் அளக்கிற என் லேசர் மீட்டரின் சிவப்புப் புள்ளி அதன் மேல் போய் நின்றது. ஒன்றரை அடி. இரண்டு காலண்டர்களுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. தொட்டேன். சூடாக இருந்தது.

வேதநாயகி அம்மா காபியோடு வந்து நின்றார். நான் காலண்டரை விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"காபி ஆறிடும், குடி" என்றார். டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார். முருங்கைக்கீரை. "அக்கா வீட்டு மரம்" என்று அதை ஒரு கிண்ணத்தில் மாற்றினார். நான் காபியைக் குடித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு அவரே உட்கார்ந்து சொன்னார். அந்தப் பக்கம் அடைத்துவிட்டார்கள் என்று ராமச்சந்திரனிடம் சொன்னது அவர். இந்தப் பக்கம் அடைத்துவிட்டார்கள் என்று இளையபெருமாளிடம் சொன்னது அமிர்தவல்லி. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் சொன்னார்கள். புருஷன்மார் சண்டை புருஷன்மாரோடு. விக்ரமனுக்கு அம்மை போட்டிருந்தபோது பத்து நாளும் வேப்பிலை அந்த மாடத்தின் வழியாகத்தான் வந்தது. அமிர்தவல்லியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது வேதநாயகி அம்மா பத்திரிகை இல்லாததால் போகவில்லை. அட்சதையை மாடத்தில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்துப் போனார்கள். மத்தியானம் இரண்டு ஆண்களும் மண்டியில் இருப்பார்கள். அது அவர்களுடைய நேரம்.

மாட்டிக்கொள்ளவே இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அவரு சைக்கிள்லதான் வருவாரு. தெருமுனையிலேயே மணி அடிக்க ஆரம்பிச்சா வாசல்ல வந்துதான் நிறுத்துவாரு. உள்ள நுழையறப்போ காபி ரெடியா இருக்கணும், அவ்ளோ அதிகாரம். அந்த மணியில நான் தப்பிச்சேன்."

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருமே, அப்போது மட்டும்தான் பயமாம். ஆனால் அந்தச் சுவரை ஆளிடம் விடமாட்டார் ராமச்சந்திரன். மட்டையை வாங்கித் தானே அடிப்பார், காலண்டரைக்கூட எடுக்காமல் சுற்றிலும் மட்டும். அந்தச் சுவரின் மேல் அவருக்கு அத்தனை கோபம், காலண்டரைத் தொட்டு எடுக்கக்கூட மனசு வரவில்லை என்றார் வேதநாயகி அம்மா. அவர் இறந்தபோது இளையபெருமாள் இந்த வாசல்படி மிதிக்கவில்லை. ஆனால் பங்காளி தீட்டென்று காரியம் முடிகிற வரை முகம் மழிக்காமல் தெருவில் நடந்தார். அதை அமிர்தவல்லி சொல்லி இவர் அழுதாராம்.

இப்போது அமிர்தவல்லிக்கு முழங்கால் போய்விட்டது. வாசலுக்கு வரமுடியாது. மாடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பெங்களூரில். இந்தச் சுவர் போனால் அவருக்குப் பேச ஆள் இல்லை.

"உங்களுக்கு?" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அதுவாக இருக்கும்.

"எனக்குத்தான் லிப்ட் வருதே" என்றார்.

மகனிடம் சொல்லிவிடலாமே என்று என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். சொன்னால் சுவர் தப்பிக்கும், அது அவருக்கும் தெரியும் என்றார். மாடம் திறந்திருக்கிறது என்றால் பொதுச்சுவர். ஆனால் அதோடு இன்னொன்றும் வெளியே வரும். ராமச்சந்திரனுக்கு அடியும் தெரியாது நுனியும் தெரியாது. பெண்டாட்டி பேச்சை நம்பி, பக்கத்து வீட்டுக்காரன் மாடத்தை அடைத்தான் என்று கடைசி வரை அவனைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தவர்.

"செத்த மனுசனை முப்பது வருஷம் ஏமாத்தினேன்னு எம் புள்ள வாயால நான் கேக்கணுமா? நீ வரைய வேணாம், எழிலு. இந்தத் தெருவுல உனக்கு யாரையும் தெரியாது. அதனாலதான் சொன்னேன்."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது. "வேதா, யாரு? இன்ஜினீரு அனுப்பின பொண்ணா?"

"ஆமாக்கா. வாயே தொறக்கமாட்டேங்குது."

"நல்லதுதான். நமக்குச் சேத்து வெச்சிருக்கும்."

எதிரில் இருந்த காலண்டர் அட்டை கொஞ்சம் நகர்ந்தது. வளையல் போட்ட ஒரு கை உள்ளே வந்து காலி டப்பாவைத் தேடியது. நான் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கை என் விரலை ஒரு நொடி பிடித்துப் பார்த்து, புதுக் கை என்று தெரிந்ததும் விட்டது.

ஆபீஸில் உட்கார்ந்து வரைந்தேன். வாசல், மூட்டை அறை, கூடம், பாதி முற்றம், இரண்டு தூண், அடுக்களை, கிணறு. எல்லாச் சுவர்களையும் கோடு போட்டு நிரப்பினேன். நடுச்சுவரை மட்டும் நிரப்பாமல் விட்டேன். மாடத்தைப் போட்டால் அவர் என்னிடம் சொன்னதை நான் விக்ரமனிடம் சொன்ன மாதிரி. போடாவிட்டால் அளந்ததை மறைத்த மாதிரி. தேவேந்திரன் சார் என்ன பாக்கி என்று கேட்டபோது கனம் இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றார் அவர்.

ஞாயிறு காலை கூடத்தில் நாங்கள் நாலு பேர். விக்ரமன், சார், இடிக்கிற வேலையை எடுத்திருந்த பெரியதம்பி மேஸ்திரி, நான். வேதநாயகி அம்மா அடுக்களை வாசலில் நின்றார். விக்ரமன் சுவரைத் தட்டிக்கொடுத்தபடி ஷட்டர் எங்கே வரும் என்று மேஸ்திரிக்குக் காட்டினார். சார் என் வரைபடத்தைப் பிரித்தார். நிரப்பாத சுவரைப் பார்த்தார்.

அந்த மாடம் அடைத்திருக்கிறதா, நீ பார்த்தாயா என்று என்னைக் கேட்டார்.

அடைத்திருக்கிறது என்றால் ஒரு வார்த்தை. இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. இரண்டும் வரவில்லை. கையில் லேசர் மீட்டர் இருந்தது. அதன் சிவப்புப் புள்ளியைத் தரையில் நகர்த்திக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், உங்க ஸ்டாஃப்கிட்ட எதுனா கேட்டா கரண்ட் போயிடுது" என்று சிரித்தார் விக்ரமன்.

சார் சிரிக்கவில்லை. அளக்கத் தெரியாதவளை நான் அனுப்பவில்லை, சொல்லு என்றார். நான் மீட்டரை அணைத்துப் பையில் போட்டேன். அப்படியென்றால் வேறு ஆளை வைத்து அளந்துகொள்வதா என்று கேட்டார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். எனக்குக் கண் எரிந்தது.

தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று பெரியதம்பி மேஸ்திரி விரலை மடக்கிக்கொண்டு காலண்டர் பக்கம் போனார்.

"பெரியதம்பி, கைய எடு" என்றார் வேதநாயகி அம்மா.

அவர் நடந்து வந்து எனக்கும் சாருக்கும் நடுவில் நின்றார். "அந்தப் பொண்ண ஏன் கேக்குறீங்க? நான் சொல்லவேணாம்னு சொன்னேன், அது சொல்லல. என்னைக் கேளுங்க."

பிறகு ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றித் தரையில் வைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாடம், அதற்குள் மூடியோடு ஒரு டப்பா, அதற்கு அப்பால் பழுப்பு அட்டை. அடியில் எண்ணெய் ஊறிக் கறுத்த கல்.

அவங்க அடைச்சுட்டாங்கன்னு நீதானே சொன்ன என்று விக்ரமன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சின்னப் பையன் மாதிரி கேட்டார்.

"உங்கிட்ட மட்டுமா சொன்னேன்? உங்க நைனாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவரு நம்பினாரு. நம்பிக்கிட்டே போயிட்டாரு. நான் தெனமும் அக்காகிட்ட பேசினேன்டா. நேத்தும் பேசினேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "இது ரெண்டு வூட்டு சுவரு. வரைஞ்சுக்கோ."

பென்சிலை எடுத்தேன். அப்போது எதிர்ப்பக்கத்துக் காலண்டர் மேலே எழும்பியது.

அமிர்தவல்லி அம்மாவின் கை என்று நினைத்தேன். வளையல் இல்லை. நரைத்த முடியும் தேய்ந்த மோதிரமும் உள்ள ஆம்பளைக் கை. ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு என்பது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. காலண்டர் முழுவதும் விலகியதும் மாடத்தில் இளையபெருமாளின் முகம் இருந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். விரலை மட்டும் தெரியும்.

விக்ரமன் அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றார். இளையபெருமாள் ஒவ்வொருவராகப் பார்த்தார். மேஸ்திரியிடம், உங்கப்பன் மட்டப்பலகை புடிச்சு எழுப்பின சுவரு, மரியாதையா தள்ளி நில்லு என்றார். பிறகு விக்ரமனைப் பார்த்தார்.

"வீட்டை எப்படி வேணும்னா கட்டிக்க. லிப்ட் வையி, ராக்கெட் வையி. இந்தச் சுவரு நிக்கட்டும். மத்ததுக்கு எங்க கையெழுத்து வேணுமோ போடுறேன்."

விக்ரமன் தலையாட்டினார். ஷட்டர் அகலம் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் அவர் தோளில் கை வைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

வேதநாயகி அம்மா மட்டும் மாடத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு, தரையில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இளையபெருமாளிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. நாற்காலியில் இருந்தவரிடம் பேசினார்.

"அக்கா, சுவரு நின்னுடுச்சு. ஆனா அவருகிட்ட பொய் சொன்னது சொன்னதுதானே."

அமிர்தவல்லி அம்மா புருஷனைப் பார்த்தார். இளையபெருமாள் காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் யாரிடமோ சொல்வதுபோல, மாடத்துக் கல்லைப் பார்த்துச் சொன்னார்.

சண்டை வந்த மறு சித்திரையில் நடந்ததாம். பௌர்ணமிக்கு இரண்டு பெண்களும் திருவண்ணாமலைக்குப் போனார்கள். ஊருக்குத் தெரியக் கூடாதென்று வேறு வேறு பஸ்ஸில். வீட்டில் அவர் மட்டும். பங்காளி நிஜமாகவே அடைத்துவிட்டானா, செங்கலா சிமென்ட்டா, அதையாவது பார்ப்போம் என்று காலண்டரைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் அவனும் அதே நேரத்துல தூக்கினான். மூஞ்சிக்கு மூஞ்சி. நடுவுல உங்க டப்பா. நானும் பேசல, அவனும் பேசல. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னோம். அப்புறம் அவன்தான் முதல்ல காலண்டரை விட்டான். மெதுவா, சத்தம் வராம விட்டான்."

வேதநாயகி அம்மா நிமிர்ந்தார். முதல் தடவையாக மாடத்தின் வழியே அவரை நேராகப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியும்மா" என்றார் இளையபெருமாள். "இல்லன்னா தெருமுனையிலேர்ந்தே எதுக்கு மணி அடிச்சுக்கிட்டு வந்தான்?"